ஆறு வருடமாக ஈ2-ஈ4

'ஈ2-ஈ4' என்ற இந்த நீண்ட இசையை முதல் தடவை கேட்டபோது பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். ஒரே தாளம், மாறி மாறி இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டு). பாட்டு சிக்கிக்கொண்டதோ என்று ஃபோனை எடுத்துப் பார்த்தேன். சிக்கவில்லை. ஜெர்மன் கிதார் கலைஞர் மானுவேல் கோட்ஷிங் வாசித்ததே அப்படித்தான், கிட்டத்தட்ட 59 நிமிடம்.

பெர்லினில் 1970இல் தொடங்கிய ஆஷ் ரா டெம்பிள் குழுவில் அவர் வாசித்த, விண்வெளியில் மிதப்பதுபோல ஒலிக்கும் ஸ்பேஸ் ராக் கிதாருக்காகத்தான் அவரைத் தேடிப் போனேன். அந்த இரைச்சலை எதிர்பார்த்து வந்தவனுக்கு இது சப்பென்றுதான் இருக்கும்.

சில மாதம் கழித்து ஒரு ராத்திரி, பிழை திருத்தும் வேலை தலைக்கு மேல் கிடந்தபோது சும்மா ஓடவிட்டேன். எத்தனையோ பக்கம் தாண்டியபின்தான் கிதார் கேட்பது உறைத்தது. எப்போது நுழைந்தது? பின்னால் தள்ளிப் பார்த்தால், அரை மணி நேரம் கழித்துத்தான் வருகிறது. கச்சேரிக்கு நடுவே பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல அவ்வளவு சத்தமில்லாமல்.

அது பதிவான கதை தெரிந்தபின் இன்னும் பிடித்துப்போனது. 1981 டிசம்பர் 12. எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் கிளவுஸ் ஷுல்ட்சேயுடன் கச்சேரிப் பயணம் முடித்துத் திரும்பியிருந்தார் கோட்ஷிங். மறுநாள் ஹாம்பர்க் போகும் விமானத்தில் தானே கேட்பதற்கு ஏதாவது வேண்டும் என்று பெர்லினில் தன் ஸ்டுடியோவில் சிந்தசைசர், சுர வரிசையைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் சீக்வென்சர், கிதாரோடு தனியாக உட்கார்ந்தார். ஒரே மூச்சில் வாசித்ததுதான், பிறகு மேலே எதையும் சேர்க்கவில்லை. 1984இல் ஷுல்ட்சேயின் சிறிய நிறுவனமான இன்டீம் வழியாக வெளிவந்தது. விற்பதற்கென்று செய்யாதது என்பது கேட்டாலே தெரியும். நம்மை இழுத்துப் பிடிக்க அது முயல்வதே இல்லை.

பெயர் சதுரங்கத்திலிருந்து வந்தது: ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயை ஈ2 கட்டத்திலிருந்து ஈ4க்கு, இரண்டு கட்டம் நகர்த்துவது. கிதாரின் ஆகக் கீழ்ச் சுரத் தந்தியின் சுரப் பெயர் ஈ2, ஆக மேல் சுரத் தந்தியின் பெயர் ஈ4 என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் பொறி தட்டியது.

லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாதி இசை காணாமல் போகும். ஹெட்ஃபோனில்தான் அந்தச் சின்னச் சின்ன மாற்றங்கள் பிடிபடும்: ஒரு ஒலி மெல்லக் கூர்மையாகும், இன்னொன்று பின்வாங்கும். நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் நடன விடுதியில் டிஜே லாரி லெவன் இதைப் போட்டார் என்று படித்தபோது நம்பச் சிரமமாக இருந்தது. இதற்குப் போய் ஆடுவார்களா? அப்புறம் ஒரு நண்பர் வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்டேன். பத்தாவது நிமிடத்தில் என் கால் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. 1989இல் இத்தாலிக்காரர்கள் இதை வைத்தே ஒரு நடனப் பாட்டு செய்து பெயர் வாங்கியதும் அப்போது விளங்கியது. தூங்கப் போகும்போது மட்டும் சரிப்படாது. கண் அசரும் நேரத்தில் கிதார் வந்து எழுப்பிவிடும்.

ஆசைப்பட்டுப் பழைய இசைத்தட்டு ஒன்றும் வாங்கினேன். அது தப்பு. ஒரு பக்கத்தில் அரை மணி நேரத்தை அடைத்தால் ஒலி அளவைக் குறைத்துத்தான் தட்டில் வரிப்பள்ளம் வெட்ட முடியும், அதனால் கீறல் சத்தம் தூக்கலாகக் கேட்கிறது. 'புதுசு மாதிரி' என்று சொல்லி விற்றவரின் கண் டாக்டர் யாரோ! அதைவிடக் கொடுமை, கிதார் வரப்போகும் நேரமாகப் பார்த்து எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும்.

குறை சொல்ல வேண்டுமென்றால், ஐம்பதாவது நிமிடத்தை நெருங்கும்போது கிதார் கொஞ்சம் அதிகமாகவே உலாத்துகிறது. நான் பெரும்பாலும் அப்போது டீ போடப் போய்விடுவேன்.

2022 டிசம்பரில் கோட்ஷிங் இறந்துபோனார். செய்தி தெரிந்த அன்று டீ போடப் போகவில்லை.