ஃபேன் சத்தத்துக்கு 1,850 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், நீங்கள் கொடுக்காதீர்கள்

2019-ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், ஐ5 9400 ப்ராசஸர். இந்த வருஷம் காலையில் ஆன் செய்தால் முதல் பத்து நிமிஷம் கர்ர்ர் என்று மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் தானாகக் குறைந்துவிடும். ஃபேன் பேரிங்கில் எண்ணெய் காய்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்று இப்போது தெரியும், அன்றைக்குத் தெரியாது. எங்கள் ஏரியாக் கடை ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேர் வேண்டாம்.

கடைக்காரர் கேபினட்டைத் திறக்கக்கூட இல்லை. "ப்ராசஸர் ஃபேன் போயிடுச்சு சார், இப்படியே ஓட்டினா போர்டும் போயிடும்" என்றார். மதர்போர்டு என்றதும் பயந்துபோய்ச் சரி என்றேன். மூன்று நாள் கழித்து 1,850 வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. வீட்டில் போட்டுப் பார்த்தால் சத்தமே இல்லை, அடடா நல்ல வேலை என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு சிபாரிசு செய்தேன், அந்தப் பாவம் தனி.

இரண்டு வாரத்தில் மகள் வீடியோ எடிட் செய்ய உட்கார்ந்தால் மெஷின் ஊர்ந்தது. வெப்பநிலை பார்க்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், 98, 99 என்று காட்டியது. இந்த ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஊர்ந்ததற்குக் காரணம் அதுதான்.

பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். பின்பக்கம் இருக்கிற 120 மில்லிமீட்டர் கேபினட் ஃபேனின் ஒயரைப் பிடுங்கி, அழகாக டேக் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள்! பவரை அணைத்துவிட்டு அதைச் செருகி ஆன் செய்தேன். அதே கர்ர்ர். அதாவது கெட்டுப்போன ஃபேனை மாற்றவே இல்லை, ஓடாமல் செய்துவிட்டார்கள், சூடான காற்று வெளியே போக வழியில்லை. நன்றாக இருந்த ப்ராசஸர் கூலரை, அதாவது ப்ராசஸர் மேல் ஃபேனோடு உட்கார்ந்து அதைக் குளிர்விக்கிற பாகத்தை, கழற்றி வைத்துக்கொண்டு வேறு ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். என்னுடையதில் நாலு ஒயர், நாலாவது வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சிக்னலுக்கு. இதில் மூன்றுதான். கூலரை போர்டில் பிடித்து வைக்கிற நாலு பிளாஸ்டிக் பின்னில் ஒன்று சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றது. கழற்றினால், ப்ராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட், அதில் காய்ந்துபோன பழையதைத் துடைக்காமல் அதன் மேலேயே புதுசைப் பூசியிருக்கிறார்கள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "ஃபேன் ஓடினாதானே சார் சத்தம் வரும்" என்று கூசாமல் சொன்னார். என் பழைய கூலர் எங்கே என்றால் ஸ்கிராப்பில் போட்டுவிட்டார்களாம்.

அப்புறம் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போய் 450 ரூபாய்க்கு பால் பேரிங் ஃபேன் ஒன்று வாங்கி நானே மாட்டினேன், நாலு திருகுதான். முதலில் திருப்பி மாட்டிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இறக்கைக்குக் குறுக்கே சட்டம் இருக்கிற பக்கமாகத்தான் காற்று வெளியேறும், பின்பக்க ஃபேனுக்கு அது வெளியே பார்த்து இருக்க வேண்டும். பேஸ்டைச் சுத்தமாகத் துடைத்து மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, எதிரெதிர் மூலையாகப் பின்களை டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். இப்போது எடிட் ஓடும்போதும் 70-ஐத் தாண்டவில்லை.

உங்கள் மெஷின் சத்தம் போட்டால் கடைக்குத் தூக்குவதற்கு முன் பவரை அணைத்து கேபினட் ஃபேன் ஒயரை மட்டும் கழற்றி ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்கள், சத்தம் நின்றால் ஆள் அதுதான். ப்ராசஸர் ஃபேனைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் திறந்த கேபினட்டை உள்ளே இருக்கிற ஒயர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், கழற்றிய பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் போட்டோ எடுக்கவில்லை, அதனால்தான் "உங்க கூலர் அப்பவே மூணு ஒயர்தான் சார்" என்று அவர் சொன்னபோது வாயை மூடிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.