அருகிவரும் காட்டுயிர்களைக் கையில் தரும் சீட்டாட்டம்

அருகிவரும் காட்டுயிர்களைப் பற்றிய இந்தச் சீட்டாட்டத்தை ஒரு மாதமாகக் குடும்பத்தோடு ஆடிவருகிறோம். ஒவ்வொரு சீட்டிலும் ஓர் உயிரினத்தின் படம், வாழிடம், உயிரினங்களை அழியும் ஆபத்தின் அளவைக் கொண்டு வகைப்படுத்தும், 1964-இல் தொடங்கப்பட்ட சிவப்புப் பட்டியலில் அது இடம்பெறும் பிரிவு ஆகியவை உள்ளன. வேட்டை, காடழிப்பு, மீன்வலை என ஏதேனும் ஓர் ஆபத்துச் சீட்டு விழுந்தால், அதற்குப் பொருந்தும் பாதுகாப்புச் சீட்டு கையில் இருந்தால்தான் அந்த உயிரினத்தைக் காப்பாற்ற முடியும் என்பதே ஆட்டத்தின் உயிர்நாடி.

எங்களை அதிகம் பாதித்தது, மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டுமே வாழும் வாக்கிட்டா என்ற சிறு கடற்பாலூட்டியின் சீட்டு. கண்ணைச் சுற்றி மை தீட்டியது போன்ற கருவளையம் கொண்ட அந்த உயிரினத்தை யாரும் வேட்டையாடுவதில்லை. டோட்டோவாபா மீனுக்காக விரிக்கும் வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் அது இறந்துபோகிறது. வேட்டைத் தடைச் சீட்டை இறக்கி ஏமாந்த என் எட்டு வயது மகள், "அப்பா, அப்படியானால் வலையைத்தானே நிறுத்த வேண்டும்?" என்று கேட்டாள். எந்தப் பாடநூலும் இவ்வளவு விரைவாக அவளுக்கு இதைப் புரியவைத்திருக்காது என்றே கருதுகிறேன்.

ஒரு பிழையைச் சொல்லியே ஆக வேண்டும்: 2016-இலேயே பாண்டா, ஆபத்து ஒரு படி குறைந்த 'அழிவாய்ப்பு இனம்' என்ற பிரிவுக்கு மாற்றப்பட்டுவிட்ட போதிலும், சீட்டில் இன்னும் 'அருகிய இனம்' என்றே அச்சாகியுள்ளது, பாதுகாப்பு முயற்சி பலன் தந்த ஓர் அரிய கதையை இதனால் குழந்தைகள் இழக்கிறார்கள். சீட்டுகள் தடிமனானவை. எழுத்துதான் சற்றுப் பொடியாக இருப்பதால், தாத்தா பாட்டிக்கு ஒருவர் படித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.