ஒயர் காலிங்பெல்லோடு ஒரு கைமணி: எந்த வழி எந்த வீட்டுக்கு?

கூடத்தில் அடிக்கும் காலிங்பெல் மாடியறைக்கு எட்டாது. வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்து அறைக்கே எட்டாது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமான பிறகுதான் எங்கள் வீட்டில் இது பெரிய விஷயமானது. வாசலுக்கு வந்தவர் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அம்மா உள்ளறையில் விழித்துக்கொண்டுதான் இருப்பார். "யாரும் பெல் அடிக்கலையேப்பா, நான் இங்கேதானே உட்கார்ந்திருக்கேன்" என்பார். பெல்லையே இன்னும் சத்தமானதாக மாற்றினால் கூடத்தில் இருப்பவருக்குத் தூக்கிவாரிப்போடும். எங்களுக்கு வேண்டியிருந்தது இதுதான்: இருக்கிற ஒயர் பெல் அப்படியே இருக்க வேண்டும், அது அடிக்கும்போது அம்மாவின் பக்கத்தில் இன்னொரு மணியும் அடிக்க வேண்டும், அவர் எந்த அறைக்குப் போனாலும் அந்த மணியும் கூடவே போக வேண்டும்.

இதற்கு ஐந்து வழிகள் உண்டு. சிலவற்றை எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தேன். சிலவற்றை உறவினர் வீடுகளில் மாட்டிக் கொடுத்தேன். எல்லாம் பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்டது இது: சிக்னலை வாசல் பட்டனில் எடுப்பதைவிட உள்ளே மணி இருக்கும் இடத்தில் எடுப்பது மேல். வருகிறவர் எப்போதும்போல அந்த ஒரே பட்டனை அழுத்துவார். நம் கருவி மழையும் வெயிலும் படாத இடத்தில் இருக்கும். எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது என்பதால் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில், சுவருக்குள் ஓடுவது எந்த மின்சாரம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் வாங்க வேண்டாம். ஒயர் பெல்லில் இரண்டு ரகம். ஒன்றில் டிரான்ஸ்பார்மர் ஒன்று மெயின் வோல்டேஜை 8 முதல் 24 வோல்ட் ஏசி வரை குறைத்துக் கொடுக்கும்; பட்டனுக்கும் மணிக்கும் போவது அந்தக் குறைந்த வோல்டேஜ்தான். இன்னொன்றில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. விளக்கு சுவிட்ச்போல 220–240 வோல்ட் நேராகப் பட்டன் வழியாக மணிக்குப் போகும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

மணிப்பெட்டியின் மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் உள்ளே வோல்டேஜ் அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் மல்டிமீட்டரை ஏசி அளவில், அதன் உச்ச வரம்பில் வைத்து மணியின் இரண்டு முனைகளிலும் பிடித்துக்கொண்டு, வாசலில் ஒருவரை பட்டனை அழுத்தச் சொன்னால் தெரிந்துவிடும். நேரடி மெயின் ரகமாக இருக்கக்கூடும் என்று தோன்றினாலே இந்தச் சோதனையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். குறைந்த வோல்டேஜுக்கென்று செய்த மாட்யூலை (சிக்னல் அனுப்பும் சின்னக் கருவியை) 230 வோல்ட்டில் இணைத்தால் அது அந்த நொடியே கருகும், தொட்டுக்கொண்டிருப்பவருக்கும் ஆபத்து.

இரண்டாவது ஒயர் மணி

பழைய, நம்பகமான வழி. இருக்கிற மணியின் முனைகளிலிருந்து இன்னொரு ஒயர் ஜோடி இழுத்து மாடியில் ஒரு மணி மாட்டுவது. செல் வேண்டாம், ரேடியோ வேண்டாம், இருபது வருடமானாலும் அடிக்கும். டிரான்ஸ்பார்மர் ரகமாக இருந்தால் அதன் விஏ அளவை, அதாவது அது எவ்வளவு சுமை தாங்கும் என்பதை, பார்க்க வேண்டும். ஒரு மணிக்கென்று போட்ட 8 விஏ அல்லது 10 விஏ டிரான்ஸ்பார்மர் இரண்டு மணிகளை இழுக்கத் திணறும், இரண்டுமே சோகையாக அடிக்கும். சுவரைக் குடைவதும் கேசிங் ஓட்டுவதும் தனி வேலை. எல்லாம் செய்த பிறகும் அந்த மணி நகராது. கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் தயங்காமல் ஒயர் போட்டுவிடுங்கள். குடியிருக்கும் வீட்டில் இதற்காகச் சுவரைத் தொடச் சொல்ல மாட்டேன்.

வாசலில் இன்னொரு பட்டன்

பலரும் முதலில் செய்வது இதுதான், நானும் செய்தேன். ஒரு வயர்லெஸ் பெல் செட் வாங்கி, அதன் பட்டனைப் பழைய பட்டனுக்குக் கீழே ஒட்டினேன். ஒட்டும் வேலை ஐந்து நிமிடம். ஆனால் வந்தவர்கள் குழம்பினார்கள். சிலர் மேலே இருந்ததை அழுத்தினார்கள், சிலர் கீழே இருந்ததை, சிலர் எது வீட்டுக்காரருடையது என்று தெரியாமல் கதவைத் தட்டினார்கள். "இரண்டையும் அழுத்தவும்" என்று எழுதி ஒட்டியதை யாரும் படிக்கவில்லை. மேல் பட்டனை அழுத்தினால் அம்மாவுக்குக் கேட்காது, கீழ்ப் பட்டனை அழுத்தினால் கூடத்தில் கேட்காது. பிரச்சினை தீராமல் இரண்டாகப் பிரிந்ததுதான் மிச்சம்.

ஒயர் பெல்லையே விட்டுவிட்டு முழுக்க வயர்லெஸுக்கு மாறத் தயார் என்றால் கதை வேறு. அப்போது ஒரே பட்டன், அதன் சிக்னலை வாங்கி அடிக்கும் இரண்டு மூன்று ரிசீவர்கள். அழுத்தும் விசையிலேயே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும் செல் இல்லாத பட்டன்கள் இப்போது வருகின்றன. அவை வாசலுக்கு ஏற்றவை. கொஞ்சம் அழுத்தமாக அமுக்க வேண்டும், அவ்வளவுதான். செல் போடும் பட்டன்கள் பலவற்றில் இருப்பது சிஆர்2032 பட்டன் செல். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தச் செல் விழுங்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. மூடி ஸ்குரூ போட்டு இறுக்கும்படி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மணியிலிருந்தே சிக்னல் எடுப்பது

என் ஓட்டு இதற்குத்தான். மணிப்பெட்டியின் முனைகளில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை இணைப்பது. பட்டனை அழுத்தினால் மணிக்கு வோல்டேஜ் வரும். அதே வோல்டேஜைப் பார்த்ததும் டிரான்ஸ்மிட்டர் ரேடியோ சிக்னலை அனுப்பும். கையோடு இருக்கும் மணி அடிக்கும். ஒயர் மணியும் வழக்கம்போல அடிக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும் என்பது பெரிய நிம்மதி.

கேட்க எளிமையாக இருந்தாலும் மூன்று இடங்களில் கால் இடறும்.

முதலாவது, அழுத்தும் நேரம். சில டிரான்ஸ்மிட்டர்கள் தமக்கு வேண்டிய மின்சாரத்தை மணிக்கு வரும் வோல்டேஜிலிருந்தே எடுக்கும். செல் மாற்றும் தொல்லை கிடையாது. ஆனால் வருகிறவர் பட்டனைத் தொட்டும் தொடாமலும் தட்டிவிட்டுப் போனால், டிரான்ஸ்மிட்டர் விழித்துக் குறியீட்டை அனுப்பி முடிப்பதற்குள் கரன்ட் போய்விடும். கூடத்தில் "டிங்" என்று கேட்கும், கைமணி மௌனமாக இருக்கும். உள்ளே தனிச் செல் வைத்த ரகத்தில் இந்தக் குறை இல்லை. வோல்டேஜ் ஒரு கணம் வந்தாலே போதும், மீதியைச் செல் பார்த்துக்கொள்ளும். அவசரக்காரர்கள் அதிகம் வரும் வாசல் என்றால் செல் ரகமே நல்லது.

இரண்டாவது, விளக்கு எரியும் பட்டன். இருட்டில் தெரிவதற்காகப் பட்டனுக்குள் சின்ன விளக்கு வைத்திருப்பார்கள். அது எரிய வேண்டுமானால், பட்டன் அழுத்தாதபோதும் மணியின் வழியாகக் கொஞ்சம் கரன்ட் கசிந்துகொண்டே இருக்க வேண்டும். மணி பழைய காயில் (கம்பிச்சுருள்) ரகமாக இருந்தால் கவலை இல்லை. காயிலின் மின்தடை குறைவு, அதனால் வோல்டேஜ் எல்லாம் விளக்கின் மேலேயே விழுந்துவிடும். மணியின் முனைகளில் ஒன்றும் தெரியாது. எலக்ட்ரானிக் மணியின் தடை அதிகம். அங்கே கசியும் கரன்ட்டே பேய் வோல்டேஜாக முனைகளில் நிற்கும். டிரான்ஸ்மிட்டர் அதை நிஜ அழுத்தல் என்று நம்பிவிடும். மைத்துனர் வீட்டில் இரவு இரண்டு மணிக்குக் கைமணி தானாக அடித்தது இதனால்தான். பட்டனுக்குள் இருந்த விளக்கைக் கழற்றினோம், அன்றோடு நின்றது.

மூன்றாவது, வைக்கும் இடம். டிரான்ஸ்மிட்டரை இரும்பு ஜங்ஷன் பாக்ஸுக்குள் திணித்து மூடினால் ரேடியோ அலை வெளியே வராது. பிளாஸ்டிக் மணிப்பெட்டியின் பக்கத்தில், சுவர்மேல் இருக்கட்டும்.

தயாராகக் கிடைக்கும் மாட்யூல்கள் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் ரகத்துக்கானவை. நேரடி மெயின் ரகம் உள்ளவர்களுக்கு ரிலே வழி இருக்கிறது; ரிலே என்பது காயிலில் கரன்ட் வந்தால் தானாக ஒட்டும் சுவிட்ச். சாதாரண வயர்லெஸ் பெல்லின் பட்டனைத் திறந்தால், பலகையின் நடுவில் நான்கு கால்களுடன் அரிசிமணியைவிடச் சற்றே பெரிய சுவிட்ச் ஒன்று இருக்கும். விரலால் அழுத்தும்போது அது இரண்டு புள்ளிகளை இணைக்கிறது. அந்த இரண்டு புள்ளிகளில் இரண்டு மெல்லிய ஒயர்களைப் பற்றவைத்து, 230 வோல்ட் ஏசி காயில் கொண்ட ரிலேயின், சாதாரண நிலையில் திறந்திருக்கும் காண்டாக்ட்டில் கொடுக்க வேண்டும். ரிலேயின் காயில் மணிக்கு இணையாகப் போகும். வாசலில் அழுத்தினால் ரிலே 'டிக்' என்று ஒட்டும்; விரலுக்குப் பதிலாக அது பட்டனை அழுத்துகிறது, அவ்வளவே. மெயின் வோல்டேஜ் ஒருபோதும் அந்தச் சின்னப் பலகைக்குப் போய்ச் சேரக் கூடாது. ரிலேயில் காயிலும் காண்டாக்ட்டும் தனித்தனியாக இருப்பதால்தான் இது சாத்தியம். எல்லாவற்றையும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் கையால் இணைப்பதே முறை. எங்கள் வீட்டில் இருப்பது இந்த ஏற்பாடுதான்.

காதால் கேட்டு அனுப்பும் கருவி

ஒயரைத் தொடவே கூடாத வாடகை வீடு, அல்லது மணிப்பெட்டியைத் திறக்கத் தயக்கம் என்றால் இது உதவும். மைக் வைத்த ஒரு சின்னப் பெட்டியை மணியை ஒட்டி வைத்தால், மணிச் சத்தம் கேட்டதும் அது சிக்னல் அனுப்பும். எந்த வோல்டேஜ் என்ற கேள்வியே எழாது. வீடு மாறும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம். குறை அதன் காதில் இருக்கிறது. வெறும் சத்தத்தின் அளவை மட்டும் பார்க்கும் ரகம், கதவு படாரென்று சாத்தினாலும் டிவி அலறினாலும் ஏமாறும். மணியின் ஒலியைப் பழக்கிக் கொடுக்கும் வசதி உள்ள ரகம் அவ்வளவு எளிதில் ஏமாறாது. மைக்கை மணிக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்கிறோமோ, உணர்திறனை அவ்வளவு குறைத்துக்கொள்ளலாம். வீண் அடிப்பும் அவ்வளவுக்குக் குறையும். சின்ன வீட்டில் ஆட்கள் நிறைய என்றால் இது சரிப்படாது.

வீடியோ பெல்

வந்தவரின் முகம் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு. கதவைத் திறக்கும் முன் யார் என்று பார்ப்பது தனியாக இருக்கும் முதியவருக்கு நிஜமான பாதுகாப்பு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மணி கேட்க வேண்டும் என்பது மட்டுமே தேவையானால் வழி மிக நீளம். பட்டனிலிருந்து வைஃபை, அங்கிருந்து இணையம், அங்கிருந்து போன். ரவுட்டருக்குக் கரன்ட் இல்லாவிட்டாலும் போன் சைலன்ட்டில் இருந்தாலும் ஆள் வந்தது தெரியாது. வீடியோ பெல் வாங்குவதானால் அதற்கென்றே வரும் தனி மணியையும் சேர்த்து வாங்குங்கள்.

கைமணியைத் தேர்ந்தெடுப்பது

சிக்னல் எப்படி எடுத்தாலும் கடைசியில் காதுக்கு வருவது இந்தப் பெட்டிதான். ஆனாலும் இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் தூரம் திறந்தவெளிக் கணக்கு. கம்பி போட்ட கான்கிரீட் தளம் ஒன்று குறுக்கே வந்தாலே அது வெகுவாகச் சுருங்கும். வயர்லெஸ் பெல்கள் நாட்டுக்கு நாடு 315, 433.92, 868 மெகாஹெர்ட்ஸ் என்று வெவ்வேறு அலைவரிசைகளில் இயங்குகின்றன, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைவிட இவை சுவர்களைத் தாண்டுவதில் கெட்டி. ஜம்பர் பின்னை (பலகையில் செருகும் குட்டி இணைப்பானை) மாற்றிக் குறியீடு அமைக்கும் பழைய ரகத்தில், அடுத்த வீட்டாரும் அதே குறியீட்டை வைத்திருந்தால் அவர்கள் வாசலில் அழுத்தும்போது நம் வீட்டில் அடிக்கும். பட்டனை ரிசீவருக்குப் பழக்கிக் கொடுக்கும் புதிய ரகத்தில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

ஒலியின் சுருதி, அதன் உரப்பைவிட முக்கியம். வயதாகும்போது முதலில் மங்குவது உயர்ந்த சுருதிகள்தான். அம்மாவுக்குக் கீச்சென்ற ட்யூன்கள் முழு வால்யூமில் வைத்தும் கேட்கவில்லை. தாழ்ந்த சுருதியில் "டிங்-டாங்" வைத்ததும் பாதி வால்யூமிலேயே திரும்பிப் பார்த்தார். புகை எச்சரிக்கை மணிகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள்: வழக்கமான 3,000 ஹெர்ட்ஸ் கீச்சொலியைவிட 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி, காது மந்தமானவர்களை உறக்கத்திலிருந்து எழுப்புவதில் மேலானது. ட்யூன்களை ஒவ்வொன்றாக, கேட்கப்போகிறவர் முன்னிலையில் போட்டுப் பாருங்கள். சுத்தமாகக் கேட்காதவருக்கு விளக்கு மின்னும் ரகமும், தலையணைக்கடியில் அதிரும் ரகமும் உண்டு.

பிளக்கில் செருகும் மணிக்குச் செல் வேண்டாம், ஆனால் அது போகும் இடம் பிளக் இருக்கும் இடம்தான். கையோடு வருவது ஏஏ செல் ரகம். ஓயாமல் விழித்திருந்தால் செல் தீர்ந்துவிடும் என்பதால், இவற்றில் பலவும் நொடிக்குப் பல தடவை கண்திறந்து சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உறங்கும்படி செய்யப்பட்டவை. அப்படியும் ஒருநாள் செல் தீரும். தீர்ந்த மணி எதுவும் சொல்லாது, சும்மா இருக்கும். அம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியே போகும்போது கைமணியைக் கைப்பையில் போட்டுக்கொள்வார். திரும்பி வந்ததும் பூட்டைத் திறக்கும் முன், தன் வீட்டுப் பெல்லைத் தானே ஒரு தடவை அழுத்துவார். உள்ளே ஒயர் மணி அடிக்கும்; தோளில் பையும் "டிங்-டாங்" என்னும். பை பேசாத அன்று செல்லை மாற்றச் சொல்லி எனக்குப் போன் வரும்.