லைஃப் சர்டிபிகேட், பாஸ்புக் மிஷின், அப்பா: ஒரு திருச்சிப் பயணம்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேராக விமானம் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் விசாலமாக இருக்கிறது, குடிநுழைவு வரிசை சீக்கிரம் நகர்கிறது, வெளியே வந்தால் வண்டி கிடைக்கிறது. விமான நிலையம் பற்றி இது போதும். நான் எழுத நினைத்தது, வீட்டுக்குப் போன பிறகு அப்பாவோடு ஏறி இறங்கிய இடங்களைப் பற்றி.

அப்பாவுக்கு 81 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊட்டி மலை ரயிலின் பல்சக்கர எஞ்சின்கள் பெரிய பழுதுக்கு வருவது அந்தப் பணிமனைக்குத்தான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் வேலையைத் திருப்பி அனுப்பிவிடும் இடத்தில் காலம் முழுக்க நின்றவர். இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் கடைக்குக் கொடுக்க விடமாட்டார். ஆனால் கொஞ்ச நாளாகப் போனில் பேசும்போதெல்லாம், "எனக்கு ஒண்ணும் புரியலம்மா, நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த முறை நவம்பரில் போனேன். மத்திய அரசு ஓய்வூதியர்கள், தாங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றான லைஃப் சர்டிபிகேட்டைக் கொடுக்க வேண்டிய மாதம் அது. 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அப்பா நான் வரட்டும் என்று வைத்திருந்தார்.

முதலில் வங்கிக்குப் போனோம். பாஸ்புக்கில் வரவு செலவு பதிய வேண்டும், அவ்வளவுதான். கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே, "அதெல்லாம் மிஷின்ல போட்டுக்குங்க தாத்தா" என்றார். வாசல் பக்கம் ஒரு மிஷின் இருக்கிறது. பாஸ்புக்கின் பின்னட்டையில் பார்கோடு ஒட்டியிருக்கும். சரியான பக்கத்தைத் திறந்து, சரியான திசையில் உள்ளே தள்ள வேண்டும். மொழியைத் தேர்ந்தெடுக்கும் திரை சில விநாடிதான் நிற்கிறது. அப்பா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிவதற்குள் அது போய்விட்டது. அடுத்து வந்த ஆங்கில வாக்கியத்தை நிதானமாகப் படித்தார். அதுவும் போய்விட்டது. பின்னால் நின்ற ஒருவர் உச்சுக் கொட்டினார். அப்பா உடனே நகர்ந்து, "நீங்க போடுங்க தம்பி, நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்று வழிவிட்டார்.

மறுபடியும் கவுன்டருக்குப் போனோம். இந்த முறை அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பேசினார். "மேடம், அவருக்கு ஆண்ட்ராய்டு போன் இருக்கா? ஆப் போட்டுக் குடுத்துடுங்களேன், எதுக்கு அவரை அலைய விடுறீங்க?" கணக்கு அப்பாவுடையது. பணம் அவருடைய ஓய்வூதியம். அவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "அவர்கிட்டயே கேளுங்க" என்றேன். அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் கோப்புகள் குவிந்து கிடந்தன, அந்தக் கிளையில் ஆள் பற்றாக்குறை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் அந்த இரண்டு நிமிடத்தில் என் அப்பாவை யாரோ ஒருவர் கையில் பிடித்துக் கூட்டிவந்த குழந்தையாக மாற்றிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், மிஷினைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா என்று. "மிஷின்ல எனக்கென்ன பயம்? நின்னுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு லேட்டாகுதேன்னுதான். நான் அங்க போறதே அவங்களுக்குத் தொந்தரவும்மா" என்றார். வயதானவர்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அப்பாவுக்குத் திறமை குறையவில்லை. தன்னால் மற்றவர்களுக்கு நேரம் வீணாகிறது என்ற எண்ணம் வந்த பிறகு, கற்றுக்கொள்ளத் தேவையான நிதானத்தை அவரே தனக்குக் கொடுக்க மறுக்கிறார்.

லைஃப் சர்டிபிகேட்டுக்காக ஒரு சேவை மையத்துக்கும் போனோம். ஜீவன் பிரமாண் என்ற பெயரில் இதை டிஜிட்டலாகக் கொடுக்கும் முறை 2014 நவம்பரில் வந்தது. ஆதாரோடு சேர்த்துக் கைரேகை வைத்தால் போதும், கருவூலத்துக்கோ வங்கிக்கோ தாளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்பாவின் ரேகை விழவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, எதை வைத்தாலும் சிவப்பு விளக்குதான். அங்கிருந்த பையன் துணியால் துடைத்துவிட்டான். அப்புறம், "தலையில தேய்ச்சுட்டு வைங்கய்யா, எண்ணெய்ப் பசை இருந்தா விழும்" என்றான். அப்பா நரைத்த தலையில் விரலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தார். கடைசியில் அவன், "உங்களுக்கு ரேகையே இல்லையேய்யா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

இரும்புச் சுருளும், எமரித் தாளும், லேத்தில் ஊற்றும் கூலண்ட் எண்ணெயும் பட்டுப்பட்டுத் தேய்ந்த விரல்கள் அவை. கடைசல் முடிந்த இரும்பின் மேல் விரலை ஓட்டியே வழவழப்பு போதுமா என்று சொல்லிவிடுவார். அப்பா தனியாள் இல்லை. கல்லுடைத்தவர்கள், நெசவாளிகள், காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த பெண்கள், இவர்களுக்கெல்லாம் வயதான காலத்தில் ரேகை சரியாகப் பதிவதில்லை. வயதாக ஆகத் தோலும் உலர்ந்து மெலிகிறது. "உங்களுக்கு ரேகை இல்லை" என்பதற்குப் பதிலாக "இந்தக் கருவிக்கு உங்கள் விரல் பிடிபடவில்லை, வேறு வழி இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். ஏனென்றால் வேறு வழி உண்மையிலேயே இருக்கிறது. 2021 நவம்பர் முதல் முகத்தைக் காட்டியே இந்தச் சான்றைக் கொடுக்கலாம். அந்தப் பையன் அதைச் சொல்லவில்லை.

சொன்னவர் எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர். தபால் துறையின் பேமென்ட்ஸ் வங்கி வழியாக அவர்களே வீட்டுக்கு வந்து இதைச் செய்து கொடுக்கிறார்கள், கட்டணம் 70 ரூபாய். மறுநாள் காலையில் வந்தார். வந்தவர் முதலில் உட்கார்ந்தார், அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். பிறகு என்னென்ன செய்யப் போகிறோம் என்பதை முழுக்க அப்பாவிடம் சொன்னார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். ஓய்வூதிய ஆணையின் எண், கணக்கு எண் எல்லாவற்றையும் அப்பாவே தன் நோட்டைப் பார்த்துப் படித்துச் சொன்னார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டு, போனை அப்பா கையிலேயே கொடுத்தார். "வட்டத்துக்குள்ள முகம் வரணும்யா. இப்ப கண்ணைச் சிமிட்டுங்க."

அப்பா சிமிட்டவில்லை. "எதுக்குச் சிமிட்டணும்?" என்று கேட்டார்.

"போட்டோவை வெச்சு ஏமாத்தக் கூடாதுல்ல. உசிரோட இருக்கிற ஆள்தான் சிமிட்ட முடியும்."

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அப்படிச் சொல்லு" என்று சிமிட்டினார். கொஞ்ச நேரத்தில் சான்று எண்ணோடு குறுஞ்செய்தி வந்துவிட்டது. தபால்காரர் போன பிறகும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். முகத்தை எப்படி அளக்கிறது, ஆதாரில் இருக்கும் பழைய படத்தோடு எப்படி ஒத்துப் பார்க்கிறது, மீசையை எடுத்துவிட்டால் என்னாகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரவு சாப்பிடும்போது, "உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிட்டா கை தானாப் போகும்மா. எல்லாரும் இதை அமுக்கு, அதை அமுக்குன்னுதான் சொல்றாங்க" என்றார். வெளிநாட்டிலிருந்து வந்து பெற்றவர்களுக்குப் போன் சொல்லிக் கொடுக்கும் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பட்டன் எங்கே என்று சொல்லிக் கொடுத்தால், ஆப் புதுப்பிக்கப்பட்டுப் பட்டன் இடம் மாறிய அன்றைக்குப் படித்தது எல்லாம் போய்விடும். எதற்காக அந்த ஓடிபி வருகிறது, அது ஏன் சில நிமிடத்தில் செல்லாமல் போகிறது என்று சொல்லிக் கொடுத்தால் நிற்கிறது.

இதற்கு வீட்டிலேயே ஒரு சாட்சி இருந்தது. ரயில்வே ஓய்வூதியர்களுக்கான பயண பாஸ் இப்போது ஹெச்ஆர்எம்எஸ் என்ற இணையதளம் வழியாகத்தான் வருகிறது. அதை எடுப்பது அப்பாவுக்கு அத்துப்படி! யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். ஓய்வூதியர் சங்கத்தில் கூடும் பழைய பணிமனை நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே யாரும் உச்சுக் கொட்டுவதில்லை. பத்து முறை கேட்டாலும் பதினோராவது முறை சொல்வார்களாம். அம்மா விஷயம் வேறு. அவர் எதையும் தட்டச்சு செய்வதே இல்லை, வாட்ஸ்அப்பில் எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். அவருக்கு மனக்குறை ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போனோம். கீரை விற்கும் பாட்டி ஒருவர், எப்படியும் எழுபதைத் தாண்டியிருப்பார், படிக்கத் தெரியாது என்று அவரே சொன்னார். சாக்கின் மேல் ஒரு க்யூஆர் அட்டை, பக்கத்தில் தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் சின்னப் பெட்டி. நான் ஸ்கேன் செய்ததும் பெட்டி பேசியது, பாட்டி தலையாட்டிவிட்டு அடுத்தவருக்குக் கட்டு எடுத்துக் கொடுத்தார். பெட்டி பேசாவிட்டால் கீரை கிடையாது, அவ்வளவு தெளிவு. அவருக்குத் தெரிந்த மொழியில், அவருக்குத் தெரிய வேண்டிய ஒன்றை மட்டும் அந்தக் கருவி சொல்கிறது. அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளே சிம் கார்டு இருக்கிறது என்று பாட்டிதான் அவருக்குச் சொன்னார்.

ஆனாலும் அப்பா யுபிஐ வேண்டாம் என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. மும்பை போலீஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் ஒரு நாள் கூப்பிட்டிருக்கிறான். உங்கள் ஆதாரில் கேஸ் இருக்கிறது, போனை வைக்கக் கூடாது என்று மிரட்டியிருக்கிறான். டிஜிட்டல் கைது என்று செய்தியில் வருகிறதே, அதேதான். அப்பா போனை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பணம் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து தெரியாத எண் எதையும் எடுப்பதில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பையும் சேர்த்து. பிள்ளைகள் தூரத்திலிருந்து "கண்டதைத் தொடாதீங்கப்பா" என்கிறோம், அதே வாயால் "இதுகூடவா தெரியல" என்கிறோம். இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பவர் எதைத்தான் செய்வார்? சைபர் குற்றங்களுக்கான 1930, முதியோர் உதவிக்கான 14567, இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிப் போன் இருக்கும் இடத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். போலீஸ் யாரையும் வீடியோ காலில் கைது செய்யாது, அப்படி ஒரு சட்டமே இல்லை என்பதையும் உட்கார்ந்து பேசினோம். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

சிங்கப்பூரில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, ஊரில்தான் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. 2024 ஜனவரியில் இங்கே வயதுவந்தோருக்கான பழைய பயண அட்டைகளை நிறுத்திவிட்டு சிம்ப்ளிகோ என்ற புதிய கட்டண முறைக்கு மாற்றப் போவதாக அறிவித்தார்கள். புதிய முறையில் பஸ்ஸில் அட்டையைத் தட்டும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்று தெரியாது, ஆப்பைத் திறந்து பார்க்க வேண்டும். மக்கள் விடவில்லை. இரண்டு வாரத்துக்குள் முடிவை மாற்றி, பழைய முறையைத் தொடர 4 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். 2020-லிருந்து சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் முதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் சொல்லிக் கொடுக்க ஆட்களும் இருக்கிறார்கள். ஊரில் அதே வேலையைத் தபால்காரர் செய்கிறார். தாயுமானவர் திட்டத்தில் 2025 ஆகஸ்டிலிருந்து ரேஷன் பொருட்கள் முதியவர்களின் வீட்டுக்கே வருகின்றன. எதிர்வீட்டுப் பாட்டி அதைப் பற்றிப் பெருமையாகவே சொன்னார். மனிதர் ஒருவர் நடுவில் இருக்கும்போது தொழில்நுட்பத்தால் யாருக்கும் மானக்கேடு வருவதில்லை. கவுன்டரை மூடிவிட்டு அந்த இடத்தில் மிஷினை வைக்கும்போதுதான் பிரச்சினை.

வங்கி விஷயத்தை அப்படியே விட எனக்கு மனமில்லை. 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் கொண்டுவந்து கொடுப்பது, காசோலை வாங்கிப்போவது, லைஃப் சர்டிபிகேட் பெறுவது போன்றவற்றை வீட்டிலேயே செய்து தர ஏற்பாடு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. முதியவர்களுக்கு முன்னுரிமை தரும் கவுன்டரும் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சுற்றறிக்கை. நான் மின்னஞ்சல் அனுப்பட்டுமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்றார். கோடு போட்ட தாளை எடுத்து, மார்ஜின் விட்டு, "ஐயா, வணக்கம்" என்று தொடங்கிக் கிளை மேலாளருக்குத் தானே எழுதினார். சுற்றறிக்கை வந்த மாதத்தையும் வருடத்தையும் மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டார். சங்கத்துக்காக மனு எழுதிப் பழகிய கை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மேலாளர் முழுவதும் படித்துவிட்டு, எழுந்து நின்று அப்பாவிடம் பேசினார், வீட்டுச் சேவைக்கான படிவத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். முன்னுரிமைக் கவுன்டர் பற்றி மட்டும் பிடிகொடுக்கவில்லை, ஆள் வந்தால் பார்க்கலாம் என்றார். அப்பா கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் கேட்டு வாங்கிக்கொண்டார். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுத வேண்டிய முகவரியையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்.