ஹேமக் (இரண்டு மரங்களுக்கு இடையே கட்டும் தொங்கு படுக்கை) கட்ட: நைலான் கயிறா, பாலியஸ்டர் பெல்ட்டா?

கயிறு எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. அதற்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு இதற்கு மேல் அதிகம் இல்லை.

நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் அதிகமாக. ராத்திரி அளவாகக் கட்டியது விடியும்போது தரையை உரசும். அப்புறம், மெல்லிய கயிறு மொத்த எடையையும் ஒரே கோட்டில் அழுத்துவதால் மரத்தின் பட்டை வெட்டுப்படும். இறுகிப்போன முடிச்சைக் காலையில் அவிழ்ப்பது தனிப் பாடு.

பெல்ட் குறைந்தது 2.5 செ.மீ. அகலம் இருக்கட்டும். பாலியஸ்டர் அவ்வளவாக நீளாது. பெல்ட் நெடுகிலும் வளையங்கள் தைத்திருந்தால் காரபினரை (திறந்து மூடும் உலோகக் கொக்கியை) ஒரு வளையம் தள்ளி மாட்டினாலே உயரம் சரியாகிவிடும், முடிச்சே வேண்டாம். விலை கூடுதல்தான். கொடுக்கலாம்.

எதில் கட்டினாலும் விறைப்பாக இழுக்காதீர்கள். கயிறோ பெல்ட்டோ கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 70 கிலோ இழுவிசை. 15 டிகிரி என்றால் அதுவே 135 கிலோ! தளர்வாகத் தொங்கினால்தான் குறுக்குவாட்டில் படுக்க முடியும். முதுகும் வில்லாக வளையாது. உட்காரும்போது நாற்காலி உயரம், அதாவது 45 செ.மீ. போதும்.

வாங்கிய நைலான் கயிறு மேலே தார்ப்பாய் கட்ட உதவும். தென்னையில் கட்டுவதானால் முதலில் அண்ணாந்து பாருங்கள். முற்றிய காயோ காய்ந்த மட்டையோ தொங்கினால் வேறு மரம்.