மலையில் கட்டுவோருக்கு இன்ஸ்டாகிராமா, யூடியூபா?

நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியில் நானும் என் மனைவியும் நடத்தும் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில், முதல் மூன்று ஆண்டுகள் சமூக ஊடகத்துக்கென்று ஒதுக்கிய நேரம் முழுவதையும் இன்ஸ்டாகிராமுக்கே கொடுத்தோம். பிறகு ஒரு ஜனவரியில் அதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு யூடியூபுக்கு மாறினோம். மாறிய பின் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. எதில் நேரம் செலவிடுவது என்று குன்னூரிலும் ஊட்டியிலும் புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் கேட்கும்போதெல்லாம் சொல்லிவருவதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இன்ஸ்டாகிராமில் படம் எடுப்பாகத் தெரியும், யூடியூபில் விளக்கிச் சொல்ல இடமுண்டு என்பதும், இரண்டுக்கும் ஒரு நல்ல கைபேசி போதும் என்பதும் எல்லோரும் அறிந்தவை. வாட்ஸ்அப், வாடிக்கையாளர் வந்து சேர்ந்த பிறகு வரைபடம் அனுப்பவும் தளத்தின் நிலவரம் சொல்லவும் உதவுவது. ஆள் தேடித் தருவதில்லை. ஃபேஸ்புக்கில் எங்களுக்கு வந்த விசாரிப்புகள் பெரும்பாலும் நிலத்தரகர்களிடமிருந்தே வந்தன. எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்றுதான்: இட்ட பதிவு எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்பது.

சமவெளியில் மனை வாங்கியவர் சில மாதங்களில் அடித்தளம் போட்டுவிட முடியும். மலையில் அப்படியில்லை. நிலம் எந்தக் கிராமத்தில் வருகிறது, தமிழக அரசு 1990இல் அமைத்த மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் (HACA) ஒப்புதல் அதற்குத் தேவையா, பொதுவான 7 மீட்டர் உயர வரம்புக்குள் சரிவில் எத்தனை தளம் அடங்கும், மண் வெட்ட ஜேசிபியை இறக்குவதற்கு அனுமதி கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகத் தெளிந்த பிறகே வேலை தொடங்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் போக, மண் வேலைக்கு நம்பிக்கையாகக் கிடைப்பது ஜனவரி முதல் மே வரையிலான மாதங்கள்தாம். ஆகவே ஒருவர் நிலம் பார்க்கத் தொடங்கிய நாளுக்கும் எங்கள் அலுவலகப் படியேறும் நாளுக்கும் நடுவே ஓராண்டு, சில வேளை இரண்டாண்டுகூடப் போய்விடுகிறது. அந்தக் காலம் முழுவதும் அவர் தேடிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கிறார். நாங்கள் சொன்னது அவர் தேடும் அன்றைக்கு அவர் கண்ணில் பட வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் நாங்கள் இட்ட பதிவுகளுக்கு அந்த ஆயுள் இருக்கவில்லை. முதல் இரண்டு மூன்று நாட்களில் விருப்பக் குறிகள் குவியும். அடுத்த வாரம் அது எங்கள் பக்கத்தின் அடியில் எங்கோ போய்விடும். அதனால் வாரத்துக்கு நான்கு பதிவுகள் இட வேண்டிய கட்டாயம் வந்தது. மூடுபனி விலகும் அரை மணி நேரத்துக்காகத் தளத்தில் காத்திருந்து படம் எடுத்த காலை வேளைகள், வரைபடத்தின் முன் உட்கார்ந்திருக்க வேண்டியவை.

ஒரு நிகழ்ச்சி எங்களை உலுக்கியது. தேயிலைச் சரிவை ஒட்டி நாங்கள் எழுப்பிய கருங்கல் தடுப்புச் சுவர் ஒன்றின் படத்தை இட்டோம். அந்தச் சுவரின் உயிர் கல்லில் இல்லை. அதன் பின்னால் நிரப்பிய ஜல்லியிலும், வெளிப்பக்கம் சற்றே தாழ வரிசையாக வைத்த பிவிசி குழாய்களிலும் இருந்தது. மழை ஊறிய மண்ணில் நீர் தேங்கினால் அதன் அழுத்தம் முழுவதும் சுவரின் மேல் விழும். அந்த நீருக்கு வழிவிடுவதற்காகவே ஜல்லியும் குழாயும். இந்த விளக்கத்தை, 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் ஸ்டோரியாகத் தனியே போட்டிருந்தோம். படத்தை மட்டும் கைபேசியில் சேமித்துவைத்த ஒருவர், அதை மேஸ்திரியிடம் காட்டி அதே போன்ற சுவரைக் கட்டிக்கொண்டார். குழாயும் இல்லை, ஜல்லியும் இல்லை. நவம்பர் மழையில் சுவரின் நடுப்பகுதி பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோலப் புடைத்துவிட்டது. எங்கள் படத்தையே கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று கேட்டு எங்களிடமே வந்தார். 2009 நவம்பரில் 40க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மண்சரிவுகளைக் கண்ட மாவட்டத்தில், சுவரை மட்டும் காட்டிவிட்டு அதன் பின்புறத்தைக் காட்டாமல் விட்டது எங்கள் தவறு என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

யூடியூபில் நாங்கள் இட்ட முதல் காணொளி அந்தச் சுவரைப் பற்றியது. பதினோரு நிமிடம்; கொட்டும் மழையில் குடை பிடித்தபடி, ஒவ்வொரு குழாயிலிருந்தும் கலங்கிய நீர் வடிவதையும், சிறிது நேரத்தில் அது தெளிவதையும் பதிவு செய்தோம். முதல் வாரத்தில் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஓராண்டுக்கும் பிறகு திருப்பூரிலிருந்து ஒருவர் அழைத்தார். "சார், தடுப்புச் சுவர்னு தேடினேன், உங்க வீடியோ வந்துச்சு. நான் வாங்கப் போற இடத்துல ஏற்கெனவே ஒரு சுவர் இருக்கு. அதுல ஓட்டையே இல்லைங்க, வாங்கலாமா?" என்று கேட்டார். இப்போது எங்கள் கையில் இருக்கும் வேலைகளில் நான்கு வீடுகள் இப்படிப் பழைய காணொளி வழியாக வந்தவை. அந்த வீட்டுக்காரர்களுக்கு முதல் சந்திப்பிலேயே வடிகால் செலவை நியாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. கட்டடக் கலைஞர்களுக்கான 1989ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிமுறைகள், தங்கள் சேவையை விளம்பரம் செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்தன; கட்டடத்தின் மேல் வைக்கும் பெயர்ப் பலகையின் எழுத்துகூட 10 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்றன. அந்த மரபில் பயின்ற எங்களுக்கு, அறிந்ததைப் பொதுவில் விளக்குவது மனத்துக்கு இசைவாக இருக்கிறது.

யூடியூபுக்கும் குறை உண்டு. ஒரு காணொளிக்கு மூன்று நாள் உழைப்பு போகிறது. விதி ஒன்று மாறினால், அதே இணைப்பில் காணொளியை மாற்றி ஏற்ற முடியாது. விளக்கக் குறிப்பையும் மேலே நிறுத்திவைக்கும் கருத்தையும் திருத்தலாம். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், எல்லாக் காணொளிகளையும் மறுபடி பார்த்துத் திருத்துகிறோம், காலாவதியானதை நீக்கிவிடுகிறோம். வாரம் நான்கு பதிவு என்ற பழைய சுமையோடு ஒப்பிட்டால் இது இலகு.

நகரமைப்புப் பணிக்கு மட்டும் என் விடை வேறு. ஊரின் எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளிவந்தால், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஊர்மக்கள் ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் உண்டு. அங்கே பதிவின் ஆயுளைவிட வேகம்தான் முக்கியம். வரைபடத்தில் தங்கள் தெருவும் ஓடையும் எங்கே வருகின்றன என்று வட்டமிட்டுக் காட்டும் ஒரு படத்தையும் ஒரு நிமிடக் குரல் பதிவையும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு இணையாக வேறெதையும் நான் காணவில்லை.

தங்கும் விடுதிகளின் உள்ளலங்காரம் செய்பவர்களுக்கு இன்ஸ்டாகிராமே பொருந்தக்கூடும். அவர்களுடைய வாடிக்கையாளர் கண்ணால் பார்த்தே முடிவெடுக்கிறார். அந்த வேலையை நாங்கள் ஒருமுறைதான் செய்திருக்கிறோம். பணம் கட்டிப் பதிவுகளைப் பரப்பியதில்லை என்பதால் அதைப் பற்றியும், கொடைக்கானல் பக்கம் வேலை செய்ததில்லை என்பதால் பழனி மலைச் சந்தையைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். எங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கு இப்போதும் இருக்கிறது. அதன் உச்சியில் அந்தத் தடுப்புச் சுவரின் படத்தை நிறுத்தியிருக்கிறோம். இம்முறை அதன் குறுக்குவெட்டு வரைபடத்தோடு, ஜல்லியும் குழாயும் தெரியும்படி.