மூன்று விநாடி சும்மா விட்டால் லூர் எங்கே இருக்கும்? – போல்டர் வாய்க்கால்களில் ஐந்து குளிர்காலம்

குளிர்காலத்துக்கு லூர் (தூண்டிலில் மாட்டும் செயற்கை இரை) வாங்கக் கடைக்குப் போனால் நான் இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன். இழுப்பதை நிறுத்திவிட்டு மூன்று விநாடி சும்மா விட்டால் இது எங்கே இருக்கும்? இந்தக் கேள்விக்கு வந்துசேர எனக்கு இரண்டு குளிர்காலமும் நாற்பதுக்கு மேற்பட்ட லூர்களும் செலவாயின. இன்று என் பெட்டியில் ஒன்பதுதான் இருக்கின்றன.

நான் தூண்டில் போடுவது நெதர்லாந்தில், உட்ரெக்ட்டுக்கு மேற்கே உள்ள போல்டர் நிலங்களில், அதாவது கரைகட்டித் தண்ணீரை இறைத்துக் காக்கும் தாழ்நிலங்களில். ஆங்கிலத்தில் பைக் எனப்படும் மீனுக்கு இங்கே ஸ்னூக் என்று பெயர். தமிழில் ‘பைக்’ என்று எழுதினால் வண்டி என்று படிக்க நேரும் என்பதால் ஸ்னூக் என்றே எழுதுகிறேன். நீண்ட உடல், வாத்தின் அலகு போன்ற வாய், உள்ளே வரிசை வரிசையாகப் பற்கள். நம் ஊர் விராலைப் போல இதுவும் துரத்தித் திரிவதில்லை. மறைந்து கிடந்து பாய்கிறது.

கோடையில் அந்தப் பாய்ச்சலை எந்த லூரும் கிளப்பிவிடும். டிசம்பரில் தண்ணீர் நான்கு பாகை செல்சியசுக்கு இறங்கும்போது நிலைமை வேறு. மீனின் உடல் இயக்கமே தணிந்துவிடுகிறது. ஒரு சிறுமீனுக்காக ஐந்து மீட்டர் விரைந்து ஓட அது விரும்புவதில்லை. போதாததற்கு, பல போல்டர்களில் குளிர்காலத்தில் நீர்மட்டத்தைக் கோடையைவிடத் தாழ்த்தி வைக்கிறார்கள். சின்ன வாய்க்கால்களில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இருக்காது. மீன்கள் அகலமான கால்வாய்களுக்கும், பாலத்தடிக்கும், நீரேற்று நிலையங்களின் முன்னுள்ள குழிகளுக்கும் நகர்ந்துவிடுகின்றன. அங்கேயும் ஆழம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர்தான். அடியில் செத்து மட்கிய நீர்ப்பாசி. ஆக, லூர் மெதுவாகவும் போகவேண்டும், தரையையும் தொடக்கூடாது. குளிர்காலத் தேர்வின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

முதல் ஆண்டில் இது புரியாமல் 15 கிராம் ஈயத்தலை (முள்ளோடு சேர்ந்த ஈயக் குண்டு) மாட்டிய ரப்பர் மீன்களை எறிந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு எறிதலுக்கும் ஒரு பிடி பாசி வந்தது. கரையில் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் “லாங்ஸாமர், மெனேர்” என்றார். இன்னும் மெதுவாக, ஐயா. நான் மெதுவாகச் சுற்றினேன். லூர் சேற்றில் புதைந்தது. அவர் தன் சட்டைப்பையிலிருந்து மிகச் சிறிய ஈயத்தலை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து எடை போட்டேன். 4 கிராம்.

அந்த 4 கிராம் என் குளிர்காலத்தையே மாற்றிவிட்டது. 12 சென்டிமீட்டர் ரப்பர் மீனை அதில் மாட்டினால் மூன்று விநாடி நிறுத்தினாலும் இலை விழுவதுபோல் மெல்ல இறங்குகிறது. ஐந்து ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த குளிர்கால ஸ்னூக்குகளில் பாதிக்கு மேல் இந்த முறையில் வந்தவைதாம். விலையும் குறைவு, மூன்று நான்கு யூரோவுக்குள் ஒன்று கிடைத்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. வெதுவெதுப்பான கடையில் தொட்டுப் பார்க்கும்போது எல்லா வாலும் மென்மையாகத்தான் இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அந்த ரப்பர் இறுகிவிடுகிறது. மெதுவாக இழுத்தால் வால் ஆடாமல் மரக்கட்டைபோல் வரும். நான் ஒரு பொட்டலத்தில் ஒன்றை எடுத்து, வாளியில் பனிக்கட்டி போட்டு, பத்து நிமிடம் ஊறவைத்து, கையால் மெல்ல இழுத்துப் பார்க்கிறேன். வால் அசையாவிட்டால் மற்றவை கோடைக்குப் போய்விடும்.

அடுத்தது, நின்ற இடத்திலேயே நிற்கும் கடின லூர். மூழ்கவும் செய்யாது, மிதந்து மேலே வரவும் செய்யாது. நான் பயன்படுத்துவது ராப்பாலாவின் ஹஸ்கி ஜெர்க். ஃபின்லாந்துக்காரர் லௌரி ராப்பாலா 1936-இல் தன் முதல் லூரைச் செதுக்கியபோது, கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் காயம்பட்ட சிறுமீனைத்தான் வேட்டைமீன் தேடிப் பிடிக்கிறது என்று கவனித்துச் செய்தார் என்பார்கள். குளிர்காலத்தில் அந்தக் கவனிப்பின் அருமை தெரிகிறது. தூண்டில் கோலால் இரண்டு சிறு வெட்டு இழுப்பு, பிறகு நிறுத்தம். நான் மனத்துக்குள் பத்துவரை எண்ணுகிறேன். கடி விழுவது கிட்டத்தட்ட எப்போதும் அந்த எண்ணிக்கையின் நடுவில்தான். ‘கடி’ என்பதுகூடப் பெரிய சொல். நூல் சற்றே கனக்கும், அல்லது பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். கண்ணை நூலிலிருந்து எடுக்கக்கூடாது.

இந்த வகையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்னூக்கின் பல்லுக்கு அஞ்சி நாம் கட்டும் எஃகுக் கம்பி லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். தடித்த கம்பி கட்டினால், நிற்கவேண்டிய லூர் தலைகுப்புறக் கவிழ்கிறது. மெல்லிய ஏழிழைக் கம்பிக்கு மாறியபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. மெதுவாக மேலே வரும் லூராக இருந்தால் பின்முள்ளின் தண்டில் ஈயக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றிச் சரிசெய்துகொள்கிறேன். இதையும் குளிர்ந்த தண்ணீரில்தான் பார்க்கவேண்டும்.

போலந்தின் சால்மோ நிறுவனத்தின் ஸ்லைடர் மூன்றாவது. 10 சென்டிமீட்டர், மிதக்கும் வகை. கோலை ஒரு தட்டுத் தட்டினால் இடப்பக்கம் வழுக்கிப் போகும். அடுத்த தட்டுக்கு வலப்பக்கம். நிறுத்தினால் நிதானமாக எழும். முக்கால் மீட்டர் ஆழமுள்ள வாய்க்காலில் இதைவிட நிம்மதியான லூரை நான் கண்டதில்லை, ஏனென்றால் பாசியில் சிக்குவதில்லை. விலை அதிகம் என்றாலும் ஐந்து குளிர்காலம் தாங்கிய லூருக்கு அது பொருட்டல்ல. பல் தடம் நிறைந்த என் ஸ்லைடரில் வண்ணம் பாதி போய்விட்டது. மீன் எடுப்பது குறையவில்லை.

பெட்டியை விட்டுப் போனவை எவை? சுழலும் தகடு உள்ளவை முதலில் போயின. தகடு சுழல ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். நிறுத்தினால் கல்லைப்போல் இறங்கிவிடும். மே மாதக் கடைசியில் அவற்றை மகிழ்ச்சியோடு எடுப்பேன், ஜனவரியில் எடுப்பதில்லை. கனமான உலோக ஸ்பூன்களும் (கரண்டித் தலை வடிவத் தகடுகள்) அப்படியே. ஆழமான ஏரிகளில் அவற்றுக்கு வேலை இருக்கலாம். என் வாய்க்காலில் இல்லை. இன்னும் சில லூர்களை நானே கெடுத்தேன். ரப்பர் மீன்களையும் கடின லூர்களையும் பெட்டியின் ஒரே அறையில் வைத்துக் கோடை முழுக்கப் பூட்டிவைத்தேன். ரப்பரிலுள்ள மென்மையூட்டி கசிந்து, பக்கத்திலிருந்தவற்றின் வண்ணத்தை உருக்கிப் பசையாக்கிவிட்டது. இரண்டையும் தயவுசெய்து தனித்தனியாக வையுங்கள்.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. செடிகள் செத்துத் தண்ணீர் தெளிந்திருக்கும்போது வெள்ளிநிறம். மழைக்குப்பின் நீரேற்று நிலையம் ஓடிக் கலங்கியிருந்தால் மஞ்சளும் பச்சையும் கலந்த பளிச்சிடும் நிறம். இரண்டு போதும். நேரம்தான் அதைவிட முக்கியம். டிசம்பரில் பொழுது விடிய எட்டே முக்கால் ஆகிறது, மாலை நான்கரைக்கு இருட்டிவிடுகிறது. எனக்கு நடுப்பகலுக்குப் பிறகான இரண்டு மணிநேரமே பெரும்பாலும் கைகொடுத்திருக்கிறது.

2021 பிப்ரவரியில் பனிப்புயலுக்குப்பின் ஒரு வாரம் வாய்க்கால்கள் உறைந்து, ஊரே சறுக்கிக்கொண்டிருந்தது. உருகிய பிறகு சென்ற முதல் நாளில், ஒரு பாலத்தடியில், பத்துவரை எண்ணும்போது ஏழில் நூல் கனத்தது. 98 சென்டிமீட்டர். என் மிகப் பெரிய ஸ்னூக் இன்றுவரை அதுதான். காற்றில் செவுள் விரைவில் கெட்டுவிடும், புல்லில் கிடத்தினால் உடலின் வழுவழுப்புப் போய்விடும். ஆகவே வலையிலேயே, தண்ணீருக்குள் வைத்தே, நீண்ட இடுக்கியால் முள்ளை எடுத்தேன். முட்களின் எதிர்க்கொக்கியை முன்பே நசுக்கி வைத்திருந்ததால் அரை நிமிடம்கூட ஆகவில்லை. புகைப்படம் எடுக்கவில்லை. வருத்தமும் இல்லை.

மார்ச் 1 முதல் மே மாதக் கடைசிச் சனிக்கிழமை வரை இங்கே ஸ்னூக் பிடிக்கத் தடை. சட்டப்படி பிப்ரவரி கடைசி நாள்வரை போகலாம். ஆனால் அந்த நாட்களில் வலைக்கு வரும் பெண்மீன்களின் வயிறு முட்டையால் புடைத்திருக்கிறது; தூக்கவே மனம் கூசுகிறது. மூன்றாம் ஆண்டிலிருந்து பிப்ரவரி நடுவிலேயே நிறுத்திவிடுகிறேன். லூர்களை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, துருவேறிய முட்களை மாற்றிவிட்டுப் பெட்டியை மாடிக்கு ஏற்றிவிடுவேன். முதியவர் கொடுத்த ஈயத்தலையை மட்டும் இப்போது எறிவதில்லை. அது பெட்டியின் மூலையில் ஒரு தனி அறையில் இருக்கிறது.